மன்றத்துப் பலாவும் ஊர்ப் பொது அரங்கும்



பண்ருட்டி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டார் நினைவில் எழுவது பலாப்பழம். அப்பழத்தோடு கூத்தரின் முழவும் ஒரே கிளையில் தொங்கும் காட்சி ஒன்று புறநானூற்றில் உண்டு. ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய 128ஆம் பாட்டு அது. ஊர் மன்றத்தில் ஒரு பலாமரம் நிற்கிறது. பரிசில் நாடி வந்த இரவலர் தம் முழவை அதன் கிளையில் மாட்டியிருக்கின்றனர். அங்குத் திரியும் மந்தி முழவைப் பழமென்று எண்ணி அதன் கண்ணைத் தட்டுகிறது. முழவு ஒலிக்க, அவ்வொலிக்கு அன்னச் சேவல் எதிர்குரல் கொடுக்கிறது. இக்காட்சியை வரைந்த புலவர் முடிவில் ஒரு செய்தி சொல்கிறார். ஆயின் பொதியில் மலையை ஆடுமகள் அணுகலாம். பெருமிதம் மிக்க மன்னர் அணுகுதல் அரிது என்பது அச்செய்தி.

வள்ளலின் வீரத்தையும் கொடையையும் ஒருங்கே புகழும் பாட்டு இது. ஆயினும், ஊர்ப் பொது அரங்கு என்பது யாது என்று ஆராய்வார்க்கு இதில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. படையோடு வரும் மன்னனுக்கு அடைத்த வழி, பாடி ஆடி வரும் பெண்ணுக்குத் திறந்திருந்தது. ஓர் இடத்தில் முதல் உரிமை கலைஞர்க்கா, செல்வர்க்கா, ஆட்சியாளர்க்கா என்று கேட்டால் அவ்விடத்தின் இயல்பு தானே விளங்கிவிடும்.

மன்றம், பொதியில், அம்பலம் என்னும் மூன்று சொற்களும் ஊரார் அனைவர்க்கும் உரிய வெளியைக் குறித்தன. பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் விளக்கு எரிகிறது, பலர் தொழுகின்றனர், ஊருக்குப் புதியவர் வந்து தங்குகின்றனர். சிலப்பதிகாரம் புகார் நகரில் ஐவகை மன்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் பாவை மன்றம் என்பது ஒன்று. அரசு முறை பிறழினும் அறங்கூறவையம் ஒருபாற் சாயினும் அங்குள்ள பாவை வாய் திறவாமல் கண்ணீர் வடிக்குமாம். ஆட்டமும் பாட்டும் வழக்கும் வழிபாடும் நடந்த இவ்வெளியே தமிழரின் முதல் அரங்கு. ஊர் அரங்கு என்பதைக் கேளிக்கைக் கூடமாக மட்டும் அவர்கள் கருதவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

அளந்து கட்டிய அரங்கு

வெட்டவெளியாகிய மன்றத்திலிருந்து, நூல்வழி அமைத்த அரங்குக்குத் தமிழர் வந்த நிலையை அரங்கேற்று காதை காட்டுகிறது. உத்தமன் ஒருவனின் பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என அரங்கு அளக்கப்பட்டது. மேடைப் பலகைக்கும் மேல்விட்டப் பலகைக்கும் இடையே 4 கோல். பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் ஏறத்தாழ 14 அடி அகலமும் 16 அடி நீளமும் 2 அடி உயரமும் உடைய மேடை அது. போகவும் வரவும் இரண்டு வாயில்கள்; ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுகளத்திலும் அவையிலும் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்ற நுட்பமும் அங்கே சொல்லப்படுகிறது.

இக்கால மண்டபங்களின் மேடையை நோக்க இது மிகச் சிறிது. சிறிதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. ஆடுபவரின் கண்ணும் புருவமும் விரலும் பேசும் கலைக்கு, காண்பவர் அருகில் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாடுபவரின் குரல் கடைசி வரிசைக்குச் சென்று சேர்தல் வேண்டும். அரங்கின் அளவு கலையின் அளவிலிருந்து பிறந்தது. கட்டடத்தை முதலில் எழுப்பிவிட்டுப் பின்பு அதற்குள் கலையைத் திணிக்கும் வழக்கம் பிற்காலத்தது.

ஆனால் அக்காதை முழுவதையும் படிப்பவர் மற்றொன்றையும் காண்பர். பன்னிரண்டு வயதில் அரங்கேறிய மாதவி, மன்னனிடம் தலைக்கோலும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பரிசும் பெற்றாள். அடுத்து, அப்பொன்னை விலையாகக் கொண்ட மாலை நகரத்து இளைஞர் உலவும் தெருவில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவன் அவளுக்குரியவன். தூணின் நிழலைக்கூட விலக்கிய நூலறிவு, அரங்கை விட்டு இறங்கிய பெண்ணின்மேல் விழுந்த நிழலை விலக்கவில்லை. அரங்கின் செம்மை வேறு, அரங்கில் நிற்பவர்க்குரிய மதிப்பு வேறு. பின்னதைத் தனியே கேட்டுப் பெறல் வேண்டும் என்பதற்குச் சிலம்பே முதற்சான்று.

திருவதிகையும் தில்லைப் பொதுவும்

சிலம்பில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் முதலிரண்டு கொடுகொட்டியும் பாண்டரங்கமும் ஆகும். இரண்டும் சிவன் முப்புரம் எரித்த செய்தியோடு தொடர்புடையவை. அந்த முப்புரம் எரித்த வீரட்டம் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. ஒரு கூத்தின் கதையையே தலவரலாறாகக் கொண்ட மண் இது. திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் தம் முதற்பதிகத்தைப் பாடியதும் இவ்வீரட்டத்தில்தான். பண்ருட்டி என்ற பெயரைப் பண்ணோடு சேர்த்துப் பொருள் சொல்லும் மக்கள் வழக்கும் உண்டு.

அரசர்பெருமான் வரலாற்றில் வரும் பல்லவனை முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர் கருதுவர். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அவ்வரசன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றியவன். காபாலிகனையும் பாசுபதனையும் பௌத்தத் துறவியையும் ஒரே தெருவில் நிறுத்தி எள்ளி நகையாடும் நாடகம் அது. சமயப் பூசல் மிக்க காலத்தில் அரசனே சமயத்தாரைப் பார்த்துச் சிரித்தான். அச்சிரிப்புக்கு நாடகம் இடம் கொடுத்தது. எதிர்க்கருத்தும் எள்ளலும் நிற்கத்தக்க இடமாக அரங்கு இருத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

திருவதிகையிலிருந்து தில்லைக்கு வருவோர் 'பொது' என்ற சொல்லை வேறோர் ஒளியிற் காண்பர். கூத்தப்பெருமான் ஆடும் இடத்துக்குச் சிற்றம்பலம், மன்று, பொது என்று தமிழர் பெயரிட்டனர். ஊரார் கூடும் வெளிக்கு வழங்கிய அதே சொற்கள். இறைவனின் ஆடரங்கையே ஊர்ப் பொதுவாகக் கண்டது தமிழ் மரபு. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது அக்கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் என்பர். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு ஆண்டுத் திருவாதிரையில் நிறைவுற்றது அவ்வரங்கேற்றம் என்பது வழிவழிச் செய்தி. ஒரு நூலை ஓராண்டு அமர்ந்து கேட்ட அவை பாவலர்க்கு எத்தகைய பேறு! கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. 1981ஆம் ஆண்டு முதல் மகாசிவராத்திரியையொட்டி நடைபெறும் நாட்டியாஞ்சலி, நாட்டின் பல பகுதியினின்றும் ஆடற்கலைஞரைத் தில்லைக்கு அழைத்து வந்தது.

எனினும் பெயரில் பொதுவாக இருந்த மன்று நடப்பிலும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததா? ஆதனூர் நந்தன் வாயிலில் நின்றான். தீயில் மூழ்கி எழுந்த பின்பே உள்ளே சென்றான் என்று பெரியபுராணம் கூறும். அந்த ஏக்கத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். அது ஊர்தோறும் கதைப்பாட்டாகவும் நாடகமாகவும் பரவியது. 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். அம்பலத்துள் நுழைய இயலாதவனின் கதைக்கு நாட்டின் எல்லா மேடைகளும் வாயில் திறந்தன. ஆயின் அக்கதையைக் கேட்டு உருகிய ஊர்கள் பல, தம் சேரிக்கு அவ்வாயிலைத் திறக்கவில்லை.

மொழிக்கும் இதே நிலை நேர்ந்தது. தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடமில்லை என்ற குறை தீர, 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூட்டப்பட்டது. 1929இல் அங்குப் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார் அவ்வியக்கத்துக்குத் துணை நின்றார். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அதன் இல்லமாக அண்ணாமலை மன்றம் எழுந்தது. தில்லைச் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவதற்கோ 2008இல் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஓர் இடத்துக்குப் பொது என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் அது பொதுவாகிவிடாது. பொதுத்தன்மை ஒவ்வொரு தலைமுறையும் கேட்டுப் பெறும் உரிமை.

ஊரே களமாதல்

கோயிலும் அரசும் அமைத்த அரங்குகளுக்குப் புறத்தே, நடுநாட்டு மக்கள் தாமே அமைத்துக்கொண்ட அரங்கு ஒன்று உண்டு. அதுவே பாரதக் கூத்துக்களம். பழைய தென்னார்க்காட்டிலும் வடார்க்காட்டிலும் திரௌபதியம்மன் கோயில் விழா நாள்களில் பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் கூத்தும் நிகழும். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம். வேடக்காரரின் தோளில் மரக்கட்டை அணிகள். இருவர் பிடிக்கும் ஒரு திரை. அமர ஒரு விசிப்பலகை. இவ்வளவே அக்களத்தின் உடைமை. விடியும்வரை கூத்து நிகழும். கட்டியக்காரன் அரசனை வாழ்த்திக்கொண்டே அவன் குறையை அவைக்கு எடுத்துரைப்பான்.

அக்களத்துக்கு எல்லை கட்டிய சுவர் இல்லை. அருச்சுனன் தவத்துக்கு உயர்ந்த மரம் நடப்படும். வேடக்காரர் அதன் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறுவார். பகாசுரன் வதத்தன்று வீமன் வண்டியேறித் தெருத்தெருவாகச் சென்று சோறு திரட்டுவான். வீட்டு வாயிலில் நின்று சோறிடும் பெண்ணும் அன்று கூத்தின் பாத்திரமாகிறாள். பதினெட்டாம் போர் நாளில் மண்ணால் அமைத்த துரியோதனன் உருவம் படுகளத்திற் கிடக்கும். வீமன் தொடையைப் பிளந்தபின் திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். அன்று மாலை தீமிதி. நடிப்பும் வழிபாடும் ஊர்வாழ்வும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து நிற்கும்.

இதன் செலவைத் தாங்குவது ஊர்வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் திரட்டிய பணத்தில் கூத்தர்க்குக் கூலி கொடுக்கப்படுகிறது. வரி கொடுத்தவர் தரையில் எங்கும் அமரலாம்; முன்வரிசைச் சீட்டு என்பதில்லை. ஊர்ப் பொது அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான பொருளியல் அமைப்பைக் காண்டல் அரிது.

இக்களத்தின் ஆற்றலை உணர்ந்தோர் அதைத் தேடிச் சென்றனர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைத் தம்பிரான் மரபினரின் கூத்தைக் கண்டே தம் நாடகப் பார்வையை விரித்துக்கொண்டார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் 2003இல் மறைந்த பின், அவர் நினைவாக அச்சிற்றூரிலேயே நாடக விழா நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. நகரத்து நாடகக் குழுவினர் சிற்றூரை நாடிச் சென்று, கூத்துப் பார்த்துப் பழகிய அவையின்முன் நடித்தனர். மண்டபம் இல்லாத ஊரும் அரங்குடைய ஊராதல் கூடும் என்பதைப் புரிசை காட்டியது.

எனினும் இக்களத்தையும் குறையற்றதாகப் புகழ்தல் உண்மையாகாது. திரௌபதியின் சினத்தை நடுவாகக் கொண்ட கூத்தில் திரௌபதி வேடத்தை ஆடவரே புனைந்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று களம் இறங்கியது அண்மைக்கால மாற்றம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டு எழுந்த பூசலால், 2023 ஜூனில் வருவாய்த் துறையினர் அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். அவையில் அவமதிக்கப்பட்டு நீதி கேட்டவளின் கோயில் அது. அங்கும் நுழைவுக்கு நீதி கேட்க வேண்டிய நிலை வந்ததைப் பாரதம் அறிந்தார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொட்டகையும் நகர மண்டபமும்

ஊர்வரியாற் களம் நடந்த நாட்டில், நுழைவுச் சீட்டால் நடந்த கொட்டகை 19ஆம் நூற்றாண்டிற் பரவியது. மூங்கிலும் கீற்றும் கொண்டு கட்டிய நாடகக் கொட்டகைகளில் தொழில்முறைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நடித்தன. சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) அக்குழுக்களுக்கு நாடகங்களை எழுதிக் குவித்தார். சிறுவர் குழுக்களைப் பயிற்றினார். கடலூருக்கு அண்மையிலுள்ள புதுவையில் மறைந்தார். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட குழுவை நடத்தினார். காசு கொடுத்தவர் எவரும் நுழையலாம் என்ற வகையில் கொட்டகை ஒரு புதிய சமநிலையைத் தந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று அச்சமநிலையைக் கூறுபோட்டதும் அதுவே.

கட்டப்பட்ட நகர மண்டபத்துக்குச் சென்னை விக்டோரியா பொது மண்டபம் சிறந்த எடுத்துக்காட்டு. நகரத்தார்க்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று பெருமக்கள் நன்கொடை திரட்டினர். 1883இல் விசயநகரத்து அரசர் ஆனந்த கசபதி அடிக்கல் நாட்டினார். இராபர்ட் சிசோம் வரைந்த வடிவில் நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். 1891இல் அம்மண்டபத்தில் பல்லாரி கிருட்டிணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்ட இளைஞர் ஒருவர், கற்றவர் நடிக்கும் தமிழ் நாடகமும் இவ்வாறு வேண்டும் என்று துணிந்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அவ்வாண்டே சுகுண விலாச சபை தோன்றியது. சென்னையில் முதன்முதலில் படக்காட்சி காட்டப்பட்டதும் அம்மண்டபத்தில்தான், ஆண்டு 1896. மறு ஆண்டு விவேகானந்தர் அங்கே பேசினார்.

ஒரு கட்டடம் ஓர் இளைஞரின் உள்ளத்தில் ஒரு நாடக இயக்கத்தையே விதைத்தது என்றால், ஊர்க்கு அரங்கு எதற்கு என்ற வினாவுக்கு வேறு விடை வேண்டா. ஆனால் அதே மண்டபம் பிற்காலத்திற் பேணுவாரின்றிச் சிதைந்தது. நிலக் குத்தகை வழக்குகளில் சிக்கியது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 2023இல் மாநகராட்சி பெருஞ்செலவிற் சீரமைப்பைத் தொடங்கியது. நன்கொடை திரட்டிக் கட்டும் ஊக்கம் ஒரு தலைமுறைக்கு உண்டு. நாள்தோறும் விளக்கேற்றும் பொறுப்பு அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லையேல் கற்களும் கரையும்.

கொட்டகைகளுக்கு நேர்ந்தது வேறு. 1931இல் காளிதாஸ் என்னும் பேசும்படம் வந்தபின் நாடகக் கொட்டகை படக் கொட்டகையாயிற்று. படக் கொட்டகைகள் பல பின்னர்த் திருமண மண்டபங்களாயின. திருமண மண்டபத்தின் மேடை மணமக்கள் அமர்வதற்கு அமைந்தது; வாடகை திருமண வீட்டாரின் கைக்கு அமைந்தது. முகூர்த்தம் இல்லாத நாளிற் கவியரங்கம் என்பது சிற்றூர் இலக்கிய அமைப்புகளின் நாட்காட்டியாகிவிட்டது. மன்னரை விலக்கி ஆடுமகளை ஏற்ற மன்றத்தின் நிலை இங்கே தலைகீழாயிற்று.

அரசும் வாயிற்காவல் புரிந்தது. 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆங்கிலேயர் தந்தது. விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநிலமும் ஒரு நாடகச் சட்டம் இயற்றியது, எம். ஆர். இராதாவின் நாடகங்களே அதற்கு இலக்கு என்று பலரும் கருதினர். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்த்தது. மத்தவிலாசம் எழுதிய அரசன் ஆண்ட நாட்டில், மேடைச் சொல்லுக்கு முன்னுரிமம் கேட்கும் நிலை ஏறத்தாழ அறுபது ஆண்டு நீடித்தது.

மூன்று வினாக்கள்

மன்றம், அளந்த அரங்கு, கோயிற் பொது, கூத்துக்களம், நகர மண்டபம் என்னும் ஐந்தையும் ஒருங்கு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். ஓர் அரங்கைப் பொதுவாக்குவது அதன் கூரையன்று. அதை ஆளும் முறையே. அம்முறையை மூன்று வினாக்களால் அளக்கலாம். நுழைபவர் யார்? செலவைத் தாங்குபவர் யார்? எந்த நாள்கள் கலைக்கு உரியவை?

முதல் வினாவுக்கு விடை, பார்ப்பவர் வாயிலோடு முடிவதில்லை. மேடைக்கு ஏறும் வாயிலும் எல்லார்க்கும் திறத்தல் வேண்டும். நடிக்க வரும் பெண்களுக்குப் பூட்டுள்ள ஒப்பனை அறையும், இரவில் வீடு திரும்ப வழியும் இல்லாத அரங்கு பெண்களுக்கு உரியதாகாது. சேரியிலிருந்து வரும் பறையும் கோயிலிலிருந்து வரும் நாகசுரமும் ஒரே மேடையில் ஒரே மதிப்போடு ஒலித்தல் வேண்டும்.

இரண்டாம் வினாவில் கூத்துக்களத்தின் ஊர்வரியே வழிகாட்டி. ஒரு செல்வரின் பெருங்கொடை மண்டபத்தை எழுப்பும். பலரின் சிறுகொடை அதை நடத்தும். முந்திரியும் பலாவும் விற்கும் கடைக்காரர், ஆசிரியர், பொம்மை செய்யும் குடும்பத்தார் யாவரும் ஆளுக்குச் சிறிது கொடுப்பின், யாவரும் கணக்குக் கேட்கும் உரிமை பெறுவர். கணக்குக் கேட்பார் உள்ள அரங்கு பூட்டிக் கிடக்காது.

மூன்றாம் வினாவே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நகராட்சிக்கு உரிய எந்த அரங்கிலும் ஆண்டின் இத்தனை இரவுகள் கூத்துக்கு, இத்தனை மாலைகள் கவியரங்குக்கு, இத்தனை நாள்கள் பள்ளிச் சிறுவர் நாடகத்துக்கு என்று முன்னரே எழுதி ஒதுக்குதல் வேண்டும். எவ்வளவு வாடகை தர முன்வரினும் அந்நாள்கள் பிறர்க்கு இல்லை என்ற விதி வேண்டும். கூத்துக்கு மூன்று பக்கம் மக்கள் அமரும் மண்தரை வேண்டும். அதனைக் குளிரூட்டிய கூடத்தின் உயர்ந்த மேடையில் ஏற்றி அரைமணியிற் சுருக்குதல் அக்கலைக்குச் செய்யும் கொடுமை. மண்டபத்தை ஒட்டி ஒரு திறந்த களமும் ஒரு மர நிழலும் இருப்பின் இக்குறை தீரும்.

பத்தாண்டு நடந்த இலக்கிய வட்டத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. பாவலர் மேடையைக் கேட்டுப் பெறுபவராக மட்டும் இருத்தல் போதாது. மேடையைக் காப்பவராகவும் ஆதல் வேண்டும். நகராட்சியிடமும் அரசிடமும் அரங்கு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போது, கட்டட வரைபடத்துக்கு முன்னே இம்மூன்று வினாக்களுக்குரிய விதிகளை எழுதிக் கொடுத்தல் வேண்டும். பாவலர்க்கு ஒரு மாலை கேட்கும் விண்ணப்பத்தில், கூத்தர்க்கு ஓர் இரவும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். தன் குழுவுக்கு மட்டும் கேட்பது சலுகை. தன்னோடு உடன்வராதவர்க்கும் சேர்த்துக் கேட்பதே பொது.

முடமோசியார் கண்ட மன்றத்தில் முழவைக் கிளையில் மாட்டிய இரவலர் எவரிடமும் வாடகைச் சீட்டுப் பெறவில்லை. குலம் கேட்டு அவர்களை எவரும் மரத்தடியிலிருந்து எழுப்பியதாகவும் புலவர் பாடவில்லை. பலா விளையும் இம்மண்ணில் அத்தகைய மரத்தடி ஒன்றை உருவாக்க இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டு துணை நிற்குமாக.